எட்டாவது வெடி

நேற்று முன்தினம் வீட்டு டிவியைப் பழுது பார்க்க ஒருவர் வந்திருந்தார். பெட்டியின் முதுகைக் கழற்றி, சால்டரிங் கோலைச் சூடேற்றி, ஈயக் கம்பியை அதன் நுனியில் வைத்தார். பிசின் புகை ஒரு நூல் போல எழுந்து என் மூக்குக்கு வந்ததும் நான் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டேன். "என்ன சார், ஷாக் அடிச்சிருச்சா?" என்று கேட்டார். நான் அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை.

உன் கடையில் அந்த வாசனை எப்போதும் இருக்கும். டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒருவர் உள்ளே நுழைந்தால் இன்னொருவர் வெளியே வந்துவிட வேண்டிய அளவுக்குச் சின்ன ரேடியோ கடை. மற்றவர்களுக்கு அந்த வாசனை இனிய ஞாபகமாக இருக்கலாம். எனக்கோ அந்தப் புகைக்குப் பின்னால் பேரையூர்ப் பக்கத்துக் கல் குவியல் ஒன்று வந்து நிற்கிறது.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. அடக்கத்துக்கு வந்திருந்தேன். மையவாடியில் கடைசி வரிசையில் நின்றேன். உன் தம்பி என்னைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. பதினான்கு வருடம் பேசாமல் இருந்தவனை யாருக்கு அடையாளம் தெரியும்? இறந்தவர்களுக்கு எழுதுகிறவர்கள் அவர்களுடைய நல்ல குணங்களை வரிசையாகச் சொல்வார்கள். நான் உன்மேல் உள்ள கோபத்தையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன். உயிரோடு இருந்தபோது சொல்லத் தைரியம் இல்லாதவன் இப்போது எழுதுகிறான் என்பாய். சொல்லிக்கொள். அதுவும் உண்மைதான்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. கல்லூரியில் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டர். அதாவது வகுப்பில் நின்று பாடம் நடத்தும் உரிமை இல்லாமல், சோதனைச் சாலையில் மாணவர்களுக்குக் கம்பி மாட்டிக் கொடுக்கிறவன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் லெக்சரர் ஆனார்கள். நான் கம்பி மாட்டிக்கொண்டே இருந்தேன். அந்த எரிச்சலை எல்லாம் சாயங்காலம் உன் கடையில் கொண்டுவந்து கொட்டுவேன். நீ ஏதாவது ஒரு ரேடியோவின் வயிற்றைப் பிரித்தபடி 'உம்' கொட்டுவாய். நீ பத்தாவதோடு நிறுத்தியவன். நான் எம்.எஸ்ஸி. சர்க்யூட் படத்தைப் பார்த்து நான் சொல்கிறபடி செய்தால் வேலை செய்யாது. நீ படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செய்வாய், வேலை செய்யும். இதற்கும் உன்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி செய்து பார்க்கலாம் என்பது என் யோசனை. கல்லூரி நூலகத்தில் கிடந்த பழைய பத்திரிகை ஒன்றில் படம் இருந்தது. எம்பிராய்டரி போடும் மர வளையத்தில் எனாமல் பூசிய செப்புக் கம்பியைச் சுற்றினோம். அதை ஒரு மூங்கில் கழியின் அடியில் கட்டினோம். கழியின் நடுவில் இரண்டு டிரான்சிஸ்டர் வைத்த சின்னப் பலகை, கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு பாக்கெட் ரேடியோ. ரேடியோவைச் சரியான இடத்துக்குத் திருப்பினால் மெல்லிய சீழ்க்கை கேட்கும். வளையத்துக்கு அருகே உலோகம் வந்தால் அந்தச் சீழ்க்கையின் சுருதி மாறும். அவ்வளவுதான் கருவி.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோச்சடைக்குப் பக்கத்தில் வைகை மணலில் இறங்குவோம். திருவிழாக் கூட்டம் தவறவிட்ட காசெல்லாம் நமக்குத்தான் என்றாய். முதல் நாள் வளையம் நின்ற இடமெல்லாம் கத்தியது. நான்கு இடங்களில் முழங்கை ஆழம் தோண்டினோம். மணலைத் தவிர ஒன்றும் இல்லை. ஆற்றில் துணி வெளுத்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன சார், மலேரியா ஆபீசா? மருந்தக் காணோம், வெறும் கம்பப் போட்டு ஆட்டுறீக?"

"இல்லண்ணே, மணலுக்குள்ள காசு கெடக்கான்னு பாக்குறோம்," என்றாய்.

"காசு கெடந்தா நான் எதுக்கு சார் ஊர் அழுக்கத் தொவைக்கிறேன்? மொதல்ல அந்தச் செருப்பக் கழட்டுங்க. அடியில ஆணி வரிசையா மின்னுது."

நாம் தோண்டிய நான்கு குழிகளும் உன் செருப்பு நின்ற இடங்கள். அப்படித்தான் முதல் பாடம் கிடைத்தது.

அதன் பிறகு செருப்பு, கடிகாரம், பெல்ட் எல்லாம் கரையில். புதையலைத் தேடுவதை நிறுத்திவிட்டு, நாமே ஒரு பத்துப் பைசாவைப் புதைத்து அதைத் தேடிப் பழகினோம். ஒரு விரற்கடை ஆழத்தில் எப்படிக் கேட்கிறது, இரண்டில் எப்படி, மூன்றில் எப்படி என்று. நான்கு விரற்கடைக்குக் கீழே நம் கருவிக்குக் கண் கிடையாது. வளையத்தைத் தரையில் படாமல், ஆனால் படுகிற அளவுக்குத் தாழ்த்தி, மெதுவாக ஓட்ட வேண்டும். ஒரு வீச்சில் பாதியை அடுத்த வீச்சு மூட வேண்டும். வெயில் ஏறினால் சீழ்க்கை தானாகவே விலகிப் போகும். பத்தடிக்கு ஒரு முறை நின்று, வளையத்தை ஆகாயத்தில் தூக்கிப் பிடித்துச் சுருதி சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரிதாகக் கத்துவதெல்லாம் அநேகமாகக் கலர் பாட்டில் மூடியாகத்தான் இருக்கும். "மெதுவா மொனங்குறத விட்றாத மாப்ள, அதுலதான் விசயம் இருக்கு" என்பாய். மூன்று மாதத்தில் ஒரு பை நிறைய மூடி, துருவேறிய ஆணிகள், ஒரு கொலுசுத் திருகாணி, இரண்டு காசு. நீ உலகத்தையே வென்றதுபோல் அந்தக் காசுகளைக் கடைக் கண்ணாடிக்குள் வைத்தாய்.

அந்த வருடம் மழை இல்லை. எங்கள் நிலம் பேரையூருக்குப் பக்கத்தில். அண்ணன்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கிணறு வற்றிப் பாறை தெரிந்ததும் வெடி வைத்து ஆழப்படுத்த ஆள் பிடித்தார். கல்லூரி விடுமுறையாக இருந்த ஒரு வியாழக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தேன். போகாமல் இருந்திருக்கலாம்.

வெடிக்காரர் பெயர் சின்னையா. முப்பது வருடமாகக் கிணற்றுப் பாறைகளை உடைத்தவர். அந்த முப்பது வருடம் அவருடைய இரண்டு காதுகளையும் தின்றுவிட்டது. முகத்துக்கு நேரே நின்று கத்தினால்தான் கேட்கும். அதனால் அவர் இறங்கும் கிணறுகளில் ஒரு வழக்கம் இருந்தது. எட்டுத் துளையில் மருந்து வைத்தால், ஒருவர் இடது கையில் எட்டுச் சின்னக் கற்களை வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பார். ஒரு வெடி கேட்டால் ஒரு கல் வலது கைக்குப் போகும். எல்லாம் முடிந்ததும் வலது கையைச் சின்னையாவின் முன்னால் விரிக்க வேண்டும். எட்டுக் கல் இருந்தால் இறங்கலாம். ஏழு இருந்தால் வெடிக்காத ஒன்று உள்ளே கிடக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கும்வரை யாரும் கிணற்றில் கால் வைக்கக் கூடாது. மற்றவர்கள் காதில் எத்தனை விழுந்தது என்பதற்கு மதிப்பு இல்லை. கையில் இருக்கும் கல் சொல்வதுதான் முடிவு.

வழக்கமாகக் கல் மாற்றுகிறவர் அன்று வரவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார்.

"சும்மா நின்னு வேடிக்க பாக்குறதுக்கு இதையாச்சும் செய்யிப்பா. அம்புட்டுப் படிச்சிருக்க, எட்டு வரைக்கும் எண்ணத் தெரியாதா?"

கூடை சுமக்க வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் கல்லை வாங்கிக்கொண்டேன்.

சின்னையா திரிகளைப் பற்றவைத்துவிட்டுப் படியேறி ஓடிவந்தார். அண்ணன் மாடுகளைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். நான் ஒரு வேம்பின் பின்னால் தனியாக நின்றேன். முதல் வெடி காதில் கேட்பதற்கு முன்னால் குதிகாலில் ஏறியது. ஒரு கல் மாற்றினேன். இரண்டாவது. மூன்றாவது வெடியில் தேங்காய் அளவுக் கல் ஒன்று மரத்துக்கு மேலாக வந்து எனக்குப் பத்தடி தள்ளிப் புதைந்தது. அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. கையில் இருந்ததை எல்லாம் எறிந்துவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தேன்.

புழுதி அடங்கியது. சின்னையாவின் கால்கள் என்னை நோக்கி வருவது தெரிந்தது. அந்தக் கரட்டு நிலத்தில் கல்லுக்கா பஞ்சம்? எழுந்திருக்கும்போதே எட்டுக் கல்லைப் பொறுக்கி வலது கையை விரித்துக் காட்டினேன். அவர் குனிந்து ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணினார்.

"எட்டு. சரி," என்றார். இறங்கிப் போனார்.

அன்று மாலையே மதுரைக்குத் திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை சோதனைச் சாலையில் ஒரு மாணவன் ஸ்டூலைத் தள்ளினான். நான் மேசைக்கு அடியில் குனிந்துவிட்டேன். சனிக்கிழமை காலை கல்லூரி அலுவலகத்தில் தொலைபேசி மணி அடித்தபோதெல்லாம் பேரையூரிலிருந்துதான் என்று நினைத்தேன். எட்டும் வெடித்திருக்கலாம். வெடிக்காமலும் இருந்திருக்கலாம். வெடிக்காத ஒன்றைப் பக்கத்துத் துளை வெடித்துப் பெயர்த்திருந்தால், மருந்தைத் தூண்டும் அதன் அலுமினியக் கேப் உடைந்த கற்களோடு கூடையில் ஏறி மேலே வந்திருக்கும். கல் குவியல் கிணற்று மேட்டில்தான் கிடக்கும். திங்கட்கிழமை மூன்று பெண்கள் அதன் மேல் உட்கார்ந்து சுத்தியலால் ஜல்லி உடைக்கப் போகிறார்கள்.

ஒரு வரி சொன்னால் போதும். 'அண்ணே, நான் எண்ணவில்லை.' அதைச் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் உன் கடைக்கு வந்தேன்.

"நாளைக்கு எங்க கெணத்து மேட்டுல மிஷினப் போட்டுப் பாப்பமா? கல்லுக்குள்ள எப்படிக் கேக்குதுன்னு தெரிஞ்சிரும்."

"வாரேன் மாப்ள," என்றாய் உடனே. "மணல்ல மூடி பொறுக்கி அலுத்துப் போச்சு."

வேறு எதுவும் நான் சொல்லவில்லை. உனக்கு நான் செய்தது அதுதான். அதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை கல்லுப்பட்டியில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். இடுப்பு உயரத்தில், இரண்டு மாட்டு வண்டியை நிறுத்தும் அகலத்துக்குக் கிடந்தது குவியல். அதன் வேம்புப் பக்கத்து ஓரத்தில் மூக்கம்மா பனையோலையைச் சாய்த்து நிழல் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகக் கல் சுமந்தவர் அவர். மறுநாள் உடைக்கப் போகிறவரும் அவர்தான்.

அண்ணன் சிரித்தபடி வந்தார். "மதுரையில இருந்து ரெண்டு வாத்தியாரு எங்க கல்லுக்கு வைத்தியம் பாக்க வந்துட்டாக."

"நான் வாத்தியாரு இல்லண்ணே. ரேடியோ ரிப்பேரு."

"அப்ப உருப்படியான ஆளு," என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாட்டுப் பக்கம் போனார்.

நீ செருப்பைக் கழற்றிவிட்டுக் குவியலின் மேல் ஏறினாய். ரேடியோ சீழ்க்கையடித்தது.

"ஏ தம்பி, அதுக்குப் பசிக்குதா, இப்புடி அழுவுது?" என்றார் மூக்கம்மா.

"பசிதான் ஆத்தா. இரும்பத் திங்கிற பிள்ளை இது."

வெறுங்காலோடு நீ கல்லுக்குக் கல் தாவியது என் கண்ணுக்குள் இருக்கிறது. சுருதி மாறிய இடங்களில் விரலை விட்டுத் தோண்டினாய். ஒரு லாடம். பாறை துளைக்கிற கம்பியின் முறிந்த முனை. ஒவ்வொரு முறை நீ குனிந்தபோதும் நான் ஓரடி பின்னால் போனேன். "தோண்டாத, அடையாளம் மட்டும் வையி" என்றேன். "அடையாளம் வச்சுட்டு யாருக்கு விட்டுட்டுப் போறது?" என்று சிரித்தாய். இந்த வளையம் கிளப்பும் அலையே அதை வெடிக்கச் செய்துவிடுமோ என்றுகூட யோசித்தேன். திரி வைத்து வெடிக்கிற கேப்புக்கு அப்படி ஒன்றும் ஆகாது என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? படித்தவனுக்குப் பயப்படக் கூடுதலாகச் சில காரணங்கள் கிடைக்கின்றன.

ஒரு மணி நேரம் கழித்துக் கழியை என்னிடம் கொடுத்தாய். வேம்புப் பக்கத்து ஓரத்தை நான் பார்த்தேன். ஒரு கோடி முதல் மறு கோடி வரை போனேன். சீழ்க்கை மாறவில்லை. எனக்கு அழுகை வரும்போல நிம்மதியாக இருந்தது.

"இந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல," என்றேன்.

நீ தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாய். "நில்லு மாப்ள. நாலு வெரக்கடை மிஷின முழங்கால் ஒசரத்துல பிடிச்சுக்கிட்டு ஒண்ணும் இல்லங்கிற. இது என்ன வேல?"

"கை வலிக்குது."

"கை வலிச்சா எறங்கும். ஏறாது."

கழியின் நுனியில் வளையம் ஆடிக்கொண்டிருந்தது. நீ மறுபடியும் குவியலில் ஏறி என் பக்கத்தில் வந்து, மூக்கம்மாவுக்குக் கேட்காதபடி கேட்டாய். "என்னத்தத் தேடுற?"

சொன்னேன். மூன்று வெடி, எறிந்த கல், பொறுக்கிய கல், எல்லாம். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் வெறுங்காலைப் பார்த்தாய்.

"அப்ப ஒரு மணி நேரமா இது மேலதான் நான் நிக்கிறேன்."

"மாப்ள..."

"வீட்ல ரெண்டு பிள்ளைக இருக்குடா எனக்கு."

நீ கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். வந்த கல்லிலேயே கால் வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து இறங்கினாய். கீழே போய் நின்ற பிறகுதான் மூச்சு விட்டாய்.

"நீ கேக்க வரல மாப்ள. கேக்காம இருக்க வந்திருக்க. மிஷினு சும்மா இருந்துச்சுன்னா எட்டும் வெடிச்சிருச்சுன்னு ஆயிரும்ல?"

யாரிடமும் சொல்ல வேண்டாம், நாம் இருவரும் சத்தமில்லாமல் தேடி எடுத்துவிடலாம் என்று உன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். நீ அந்த ஓலை நிழலை ஒருமுறை பார்த்தாய். கையை உதறிவிட்டு நடந்தாய். "ஆத்தா, அந்த எடத்த விட்டு எந்திரிச்சு வா. சுத்தியலத் தொடாத, அப்படியே வா."

அண்ணனிடம் நீ சொன்னதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. "அண்ணே, ஒங்க தம்பி காமிச்ச எட்டுக் கல்லு பொய்யி. மூணு வெடிதான் கேட்டுருக்கான். மத்தது அவனுக்குத் தெரியாது." மாடு பிடிக்கிறவர், கூடைக்காரப் பெண்கள், எதிர்க் கொல்லையில் நின்றவர்கள், எல்லோரும் கேட்கும்படி சொன்னாய். கொஞ்சம் ஒதுங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம். அதைத்தான் நான் பதினான்கு வருடம் மன்னிக்கவில்லை.

அண்ணன் என்னை அடிக்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒன்னையப் படிக்க வைக்கத்தான்டா நான் படிப்ப விட்டுட்டு ஏரப் பிடிச்சேன்," என்றார். பிறகு ஆள் அனுப்பிச் சின்னையாவை வரவழைத்தார்.

மூக்கம்மாதான் பேசினார். "எனக்கு ஏழுதான்ய்யா கேட்டுச்சு. வாத்தியாரு கையில எட்டு இருக்கவும், நமக்கு எண்ணத் தெரியலபோலன்னு விட்டுட்டேன்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கை உச்சந்தலைக்குப் போனது. இரண்டு நாள் கூடை இருந்த இடம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரையும் நூறு அடிக்கு அப்பால் அனுப்பினார் சின்னையா. மூவர் மட்டும் நின்றோம். நானும் தள்ளிப் போய்விடலாம் என்று அவர் சைகை செய்தார். "அவன் இருக்கட்டும், தூக்க ஆளு வேணும்," என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினாய் நீ.

குவியலைக் கலைக்கக் கூடாது, மண்வெட்டி படவே கூடாது. நம் கருவிக்கோ நான்கு விரற்கடைக்குக் கீழே தெரியாது. "நம்மதான் அதுக்குத் தக்கன எறங்கணும்," என்றாய். மேல் அடுக்கு முழுவதையும் நீ கேட்பாய். சத்தமில்லாத இடத்துக் கற்களை மட்டும் நான் ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து அப்பால் அடுக்குவேன். அடுக்கு போனதும் நீ வளையத்தைத் தூக்கிச் சுருதி சேர்த்துவிட்டு அடுத்த அடுக்கைக் கேட்பாய். நாம் கோச்சடையில் விளையாட்டாகப் படித்ததெல்லாம் அன்று வேலைக்கு வந்தது. கல்லைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் உன் முகத்தைப் பார்ப்பேன். நீ தலையசைப்பாய். பிறகுதான் என் விரல்கள் மூடும். எத்தனை கல் தூக்கினேன் என்று தெரியாது. ஒவ்வொன்றும் கடைசிக் கல்லாக இருந்தது.

அப்போது எனக்குள் ஓர் ஆசை வந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. அது கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கிடைக்காமல் போனால், இல்லாத ஒன்றுக்காக ஊரைக் கூட்டிய கோழை என்று அண்ணன் சாகும்வரை சொல்வார். மூக்கம்மாவின் தலைக்கு மேல் அது ஏறி வந்திருக்க வேண்டும் என்று, என் மானத்துக்காக நான் விரும்பினேன். பயம் ஒருவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அன்று பார்த்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் பெரும் பகுதி முடிந்தது. மிச்சம் நான் 'ஒண்ணும் இல்ல' என்று சொன்ன வேம்புப் பக்கத்து ஓரம் மட்டும். நீ முட்டி போட்டுக்கொண்டாய். ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டு, வளையம் கல்லை முத்தமிடும் அளவுக்குத் தாழ்த்தி, ஒரு சாண் நகர்வதற்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டாய். ஓலை நிழலுக்கு அடியில் சீழ்க்கை மாறியது. கத்தவில்லை. கொசு காதோரம் போவதுபோல ஒரு மெல்லிய ஏற்றம். குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை ஓட்டினாய். இரண்டு முறையும் ஒரே இடம். கழியை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டாய்.

சின்னையா குப்புறப் படுத்து, வாயால் ஊதி ஊதித் தூசியை விலக்கினார். மேல் கல்லுக்கு மூன்று விரற்கடைக்குக் கீழே, இரண்டு கல்லுக்கு இடையில், விரல் நீளத்தில் ஒரு வெள்ளை அலுமினியக் குழாய், வெடிக்காத கேப். அதன் வாயில் பாதியில் அறுந்த திரி. பக்கத்தில் கொஞ்சம் மருந்து ஒட்டியிருந்தது. முழங்கால் உயரத்தில் வளையத்தைப் பிடித்துக்கொண்டு நான் கடந்து போன இடம் அது. மறுநாள் ஒரு சுத்தியல் அங்கேதான் முதலில் விழுந்திருக்கும்.

"இதத் தொடக் கூடாது. இருக்குற எடத்துலயே அனுப்பிரணும்," என்றார் சின்னையா. பக்கத்தில் இன்னொரு கேப்பை வைத்து, நீளமாகத் திரி விட்டு, பற்றவைத்துவிட்டு வந்தார்.

நாம் வியாழக்கிழமை நான் நின்ற அதே வேம்புக்கும் பின்னால், வரப்புச் சரிவில் உட்கார்ந்திருந்தோம். ஊரே தூரத்தில் நின்று நம்மைப் பார்த்தது. திரி கரையும் நேரம் எவ்வளவு நீளமானது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். என் கைகள் தாமாகவே காதுகளுக்குப் போயின. நீ இரண்டு மணிக்கட்டையும் எட்டிப் பிடித்துக் கீழே இழுத்தாய். திமிறினேன். ரேடியோ ரிப்பேர் செய்கிறவனின் விரலில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. தூரத்தில் யாரோ சிரித்தது கேட்டது.

"விடுடா."

"விட மாட்டேன். கேளு."

வெடித்தது. ஒரு கல்லும் நம்மீது விழவில்லை. சத்தம் மட்டும் என் நெஞ்சுக்குள் புகுந்து வெளியே போனது. காது இரைந்தது. நீ இன்னும் பிடியை விடவில்லை.

"இப்பச் சொல்லு. எத்தன?"

நீ காத்திருந்தாய்.

"எட்டு," என்றேன்.

பிறகுதான் விட்டாய்.

திரும்பி வரும் பஸ்ஸில் நாம் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தோம். அதன் பிறகு உன் கடைப் பக்கம் நான் வரவில்லை. ஊர் முன்னால் என்னைச் சின்னப் பிள்ளையைப்போல் பிடித்து உட்காரவைத்தாய் என்ற கோபம். உன்னைச் சொல்லாமல் குவியலில் ஏற்றினேன் என்ற வெட்கம் அதற்கு அடியில் இருந்தது. கோபத்தை மேலே போட்டு மூடிக்கொள்வது சுலபமாக இருந்தது. சில வருடம் கழித்துப் பெரியார் பஸ் நிலையத்தில் எதிரே வந்தாய். "என்ன மாப்ள, சுருதி சரியா இருக்கா?" என்றாய். நான் வேறு ஒரு பஸ்ஸின் போர்டைப் படிப்பதுபோல் நின்றேன். நீயும் அந்தப் போர்டை ஒருமுறை பார்த்தாய். பிறகு போய்விட்டாய். அதுதான் கடைசி.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, கேட்காததைக் கேட்டேன் என்றோ பார்க்காததைப் பார்த்தேன் என்றோ என்னால் சொல்ல முடியாமல் போய்விட்டது. நல்லவன் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வாய் திறக்கும்போதே மணிக்கட்டு இறுகுகிறது, அவ்வளவுதான். மாணவர்கள் எடுக்காத அளவீடுகளின் கீழே கையெழுத்துக் கேட்டார்கள், போடவில்லை. தேர்வுக்கு வராதவனை வந்ததாகச் சொல்லச் சொன்னார்கள், சொல்லவில்லை. அதனால்தான் நாற்பத்தைந்து வயதிலும் கம்பி மாட்டிக்கொண்டிருக்கிறேன். மற்றவர்கள் என்னோடு டீ குடிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். இதற்கும் நீதான் காரணம் என்று பல நாள் திட்டியிருக்கிறேன்.

இப்போது வேதியியல் சோதனைச் சாலையின் கேஸ் குழாய்கள் எல்லாவற்றையும் பரிசோதித்தாகிவிட்டது என்று ஒரு தாள் தயாராக இருக்கிறது. பரிசோதித்தவன் நான் என்று அதில் டைப் அடித்திருக்கிறார்கள். நான் ஒரு குழாயைக்கூடத் திறந்து பார்க்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. "வெறும் சம்பிரதாயம் சார்" என்கிறார் முதல்வர். திங்கட்கிழமை காலை அவர் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். துறைத் தலைவர்கள் எல்லோரும் இருப்பார்கள். 'நான் பார்க்கவில்லை' என்று அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை. அந்த ஒரு வரியை இப்போதே கதவை மூடிக்கொண்டு பலமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

அன்று நீ என்னிடமிருந்து பொய்யை மட்டும்தான் பிடுங்கிக்கொண்டு போனாய். பயத்தை என்னிடமே விட்டுவிட்டாய். அதைக் கூட்டிக்கொண்டுதான் திங்கட்கிழமை அந்த அறைக்குள் போவேன்.